உள்ளுக்கை ஒண்டுமில்லை

பாரிசின் லா ஷப்பலில் கோசலையிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அந்த மூன்று உதறல் தெரியும். தைத்து முடித்த சட்டையை உட்புறம் வெளியே வரத் திருப்பி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூன்று தரம் உதறிவிட்டுத்தான் கையில் தருவாள். ஊசி கீசி கிடந்தால் குத்திவிடுமாம். எட்டு வருடத்தில் ஒரு ஊசியும் விழுந்ததில்லை. இவள் உதறுகிற உதறலில் துணியிலுள்ள பூவெல்லாம் கொட்டிவிடும் என்று மரக்கறிக் கடை ஞானம்மா பகிடி பண்ணுவாள். கோசலையும் சேர்ந்து சிரிப்பாள்.

சட்டை மட்டுமா? காஸ் அடுப்பு, கதவுப் பூட்டு, தோய்க்கப் போடும் களிசானின் பொக்கற், எல்லாவற்றையும் இரண்டாம் தரம் பார்க்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது. தையற்காரியின் புத்தி அப்படித்தான் என்று புருஷன் உதயன் விட்டுவிட்டான்.

உதயனுக்குக் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தின் குசினியில் சமையல் வேலை. பதினாறு வயதில் வீட்டார் பிளேன் ஏற்றிவிட்ட ஆள். துவக்கைத் தொட்டும் பார்த்ததில்லை. ஆனால் சண்டைக் கதை சொல்லத் தொடங்கினால் மறிக்க நாலு பேர் வேண்டும். 2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையிலிருந்து அவன் ஒரு கைத்துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிரெஞ்சு இராணுவத்தினுடையது, நூற்றி நாற்பது வருடப் பழசு. அவ்வளவு பழசுக்கு அனுமதிப் பத்திரம் ஒன்றும் தேவையில்லையாம். கண்ணாடி அலுமாரியில், விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த கோப்பைகளுக்கு நடுவில் அதற்கு இடம் கிடைத்தது. வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டி, விசையில் விரலைப் போட்டபடியே சுவரைக் குறிபார்ப்பான். கோசலை குசினிக்குள் போய் நின்றுகொள்வாள்.

அது வந்த மூன்றாம் நாள், அவன் வேலைக்குப் போன பிறகு, அதை எடுத்தாள். அவள் அறிந்ததைவிடப் பாரம் கூட. மரக் கைப்பிடி யாரோ ஒருவனுடைய உள்ளங்கைக்குத் தேய்ந்திருந்தது. பக்கவாட்டில் 1876 என்று வெட்டியிருந்தது. கைப்பிடிக்குள் செருகுகிற தோட்டாப் பெட்டியைத் தேடி விரல் தானாகப் போயிற்று. அப்படி ஒன்று அதில் இல்லை. பிறகுதான் வலப்பக்கத்துச் சின்னக் கதவைக் கண்டுபிடித்தாள். அதைத் திறந்து, பின்னாலிருந்த, தோட்டாவை அடிக்கிற சுத்தியலைப் பாதி இழுத்ததும் தோட்டா போடும் உருளை சுழன்றது. ஒவ்வொரு குழியாக வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஆறும் வெறுமை. தையல் மிஷின் எண்ணெயால் துடைத்து மூடினாள். அலுமாரிக்குக் கொண்டுபோகிற நாலடிக்குள் சந்தேகம் வந்துவிட்டது. திரும்பவும் திறந்தாள். அன்றிலிருந்து இது தினப்படி வேலையாயிற்று.

அவளுடைய அகதி மனுவில் தொழில் 'தையல்' என்றுதான் இருந்தது. உதயனுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். பொய்யில்லை, வன்னியில் இயக்கப் போராளிகளுக்குச் சீருடை தைத்தவள். ஆனால் 2009 தை மாதம், ஆள் போதாமல், ஆயுதம் துடைக்கவும் விட்டார்கள். ஒரு மத்தியானம் பிஸ்டல் ஒன்றின் தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பக்கத்து மிஷினில் இருந்த மன்னார்ப் பெட்டை ரோசாலியிடம் நீட்டினாள். "உள்ளுக்கை ஒண்டுமில்லை, பிடி." குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருந்தது. துணியில் சுற்றும்போது ரோசாலியின் விரல் விசையில் பட்டது. வெட்டி வைத்த சீருடைத் துணி மேலேயே அவள் செத்துப்போனாள்.

ரோசாலியின் வீட்டாருக்கு ஷெல் விழுந்தது என்று அறிவித்தார்கள். கோசலை வாய் திறக்கவில்லை. இப்போதும் மிஷினை நிறுத்தினால், பக்கத்தில் இன்னொரு மிஷின் ஒரு கணம் பிந்தி நிற்கிற மாதிரி அவளுக்குக் கேட்கும். இதெல்லாம் தெரிந்தால் தன் கையால் போடுகிற சோற்றை உதயன் தின்பானா என்பதுதான் அவளுடைய பயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை உணவகத்துக் குசினியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, உதயன் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். கோசலை யன்னலடியில் நின்றாள். துப்பாக்கியின் வாய் நிலத்தைப் பார்த்தபடி, விரல் விசைக்கு வெளியே நீண்டிருக்க, உருளை சரசரவென்று சுழன்றுகொண்டிருந்தது. வாங்கி மூன்று கிழமையாகியும் அந்தச் சின்னக் கதவு எப்படித் திறக்கிறதென்று அவனுக்குப் பிடிபட்டிருக்கவில்லை. அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன பாக்கிறீர்?" என்றான்.

"குண்டு கிடக்கோ எண்டு."

"வித்தவன் சொன்னவன்தானே, உள்ளுக்கை ஒண்டுமில்லையெண்டு."

"நானும் அப்பிடித்தான் சொன்னனான்," என்றாள் கோசலை. "ரோசாலிக்கு."

அந்தப் பெயரைப் பாரிசில் அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். யார் ரோசாலி என்று உதயன் கேட்கவில்லை. கிட்ட வந்து, துப்பாக்கியை வாங்கக் கையை நீட்டினான்.

கோசலை சின்னக் கதவை மூடிக் கொடுக்கப் போனாள். பாதியில் கையை இழுத்து, கதவைத் திரும்பவும் திறந்து, முதல் குழியை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பிறகு இரண்டாவதை. ஆறையும் அவள் பார்த்து முடியுமட்டும் உதயன் நீட்டிய கையை மடக்கவில்லை.