கவிழ்த்த வாளி

ரப்பர்ப் பால் சுமக்கும் வாளியைக் கவிழ்த்து நடுவில் போட்டு, “இதுதான் துரையோட நாற்காலி. யாரு உட்காருறீங்க?” என்று கேட்டார் தொழிலாளர் சங்கத்துக்காரர். ரந்தாவ் பக்கத்து எங்கள் தோட்டத்தில், லயம் என்ற குடியிருப்பு வரிசைக்கு ஒருவராக வந்திருந்த ஆறு பேரில் ஒருவரும் அசையவில்லை. ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணியான நான் அவர்களை இரண்டு முறை எண்ணினேன். எண்ணாவிட்டால் எனக்கு மனம் அடங்காது.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் அது. காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று, வேலைக்குப் புறப்படுகிறவர்களை முள்வேலி வாசலில் தடவிச் சோதிப்பார்கள். பெண்களையும் ஆண் காவலர்களே சோதித்தார்கள். அதை நிறுத்தச் சொல்லித் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளரான துரையிடம் கேட்கவேண்டும். கேட்கிறவரைக் காட்டுக்காரர்களின் ஆள் என்று நாடுகடத்திக் கப்பலேற்றிவிடவும் கூடும். பேசக் கற்றுக்கொடுக்க வந்தவர் ஏன் துரையாக உட்காரச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. கடைசியில் நான்காம் லயத்து அக்கா உட்கார்ந்து, காலை நீட்டி, “அது போலீஸ் வேலே! நான் என்னா செய்யும்? போ, போ!” என்றார். “துரை, மீசைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?” என்றார் ஒருவர். சிரிப்பு அடங்கியதும், “சரி, துரை இப்படிச் சொன்னா என்ன பதில் சொல்வீங்க?” என்றார் சங்கத்துக்காரர். பாடம் அங்கேதான் தொடங்கியது.

மறுவாரம் ஆபீஸ் வாசலில் துரை ஏறக்குறைய அதையே சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. “சோதிக்க வேணாம்னு சொல்லல துரை. பொம்பளைய பொம்பளை சோதிக்கட்டும். ஒளிச்சு வைக்கிற இடம் எங்களுக்குத்தானே தெரியும்?” துரை யோசித்தார். “சரி. நீயே சோதி.”

அன்று வாளியில் மாறி மாறி உட்கார்ந்த யாருக்கும் தோன்றாத பதில். அரிசி அகப்பட்டால் சொந்த லயத்துப் பெண்ணைக் காட்டிக்கொடுக்கவேண்டும். மறைத்தால் அவரே சிறைக்குப் போவார். அக்கா பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “நான் ஒருத்தி வேணாம் துரை. லயத்துக்கு ஒருத்தி, ஆளுக்கு ஒரு நாள். சோதிக்கிறவளையும் மொதல்ல சோதிக்கணும்.”

துரை ஒத்துக்கொண்டார். வாசலோரம் சாக்குத் திரை கட்டினார்கள். அதன் பிறகு எந்தப் பெண்ணும் பிடிபடவில்லை. அரிசியே போகவில்லையா, போனதைக் கண்டும் கைகள் நகர்ந்தனவா? இன்றும் யோசிக்கிறேன்.

போன வாரம், இப்போது நான் குடியிருக்கும் அம்பாங்கானில் எங்கள் வட்டாரக் காவல் குழுக் கூட்டம். நாற்பது நாற்காலி, பதினொரு பேர். தெருவிளக்கு எரியாததற்கு நகராண்மைக் கழக அதிகாரியை எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுக்காமல் எழுந்து ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டேன். “இது அந்த அதிகாரியோட நாற்காலி. யாரு உட்காருறீங்க?”

ஒருவரும் அசையவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு பெண், மடியிலிருந்த கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.