ஒரு வரிதானே

நான் கோபக்காரி. அப்பாவின் ஊர் எப்போதும்வென்றான் என்பதால், எதற்கெடுத்தாலும் "ஊரு பேரைக் காப்பாத்தாம விடமாட்டா" என்று புகுந்த வீட்டில் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருக்கும் வீடு நான் வாங்கியது. விளாத்திகுளத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதித்துச் சம்பாதித்த காசு அது. தவணை இன்றைக்கும் என் சம்பளத்தில்தான் போகிறது. கரிசல் மண்ணில் நிற்கும் வீடு. கோடையில் சுவர் விரிசல் விடும், மழைக்குக் கதவு சாத்தாது. அந்த விரிசலைப் பூசுகிற சிமெண்டும் என் செலவுதான். என் கணவர் நல்லவர். ஆனால் குளத்தூரிலிருந்து அவர் அண்ணன்மார் வந்தால் மட்டும் "நான் வாங்கிப்போட்ட வீடு" என்று சொல்லிக்கொள்வார். நானும் காதில் விழாதது மாதிரி காப்பி போட்டுக்கொண்டிருப்பேன்.

போன வருஷம், வட்டி குறைவு என்று கடனை வேறு வங்கிக்கு மாற்றப் போனேன். அங்கே இனிஷியல் இடித்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அப்பாவின் எழுத்துதான். வீட்டுப் பத்திரத்திலும் அதுதான். ஆதாரிலோ கணவரின் எழுத்து. கல்யாணமானதும் ரேஷன் கார்டில் யாரோ மாற்றியது, ஆதாருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு இனிஷியலும் ஒருத்திக்குத்தான் என்று நோட்டரி வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வரச் சொன்னார்கள். நான் நான்தான் என்று நானே சத்தியம் செய்ய வேண்டும்! அதுவே எனக்கு எரிச்சல்.

கணவரும் நானும் கோர்ட்டுக்கு எதிரே உள்ள டைப்பிங் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி விவரம் கேட்டு, மளமளவென்று அடித்து நீட்டினார். அடியில் நோட்டரியின் முத்திரையும் கையெழுத்தும் முன்கூட்டியே இருந்தன.

"வக்கீல் எங்க அண்ணாச்சி?"

"மாடியில இருக்காவ. நீங்க இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க, சோலி முடிஞ்சுது."

நான் உட்கார்ந்து படித்தேன். நடுவில் இப்படி ஒரு வரி: "மேற்படி வீட்டை என் கணவர் தமது சொந்தச் சம்பாத்தியத்தில் என் பெயரில் வாங்கியுள்ளார்."

"யாரு சொல்லி இதை அடிச்சிய?"

"பொம்பளையாள் பேருல வீடுன்னா அப்படித்தான் அடிக்குதோம் மேடம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

கணவர் பக்கம் திரும்பினேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வரிதானே, போட்டுரு. பேங்கைப் பூட்டிருவான்" என்றார்.

நாளைக்கு அவர் அண்ணன்மார் அந்த வரியைக் காட்டி, இது தம்பி வீடு என்று வந்து நின்றால், என் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அந்தப் பயத்தைவிட அவர் சொன்ன அந்தத் "தானே"தான் எனக்கு வலித்தது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

வக்கீல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் உங்க முன்னால படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டதா இதுல எழுதி சீல் வச்சிருக்கீங்க. என்னை இப்பத்தான பாக்குதீங்க?"

அவர் முகம் சுண்டிப்போனது. "எல்லாரும் இப்படித்தாம்மா வாங்கிட்டுப் போறாவ."

"போகட்டும். பொய்க்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இந்த வரியை மாத்துங்க. அதுவரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். புது முத்திரைத்தாளுக்கு நான்தான் துட்டு தரவேண்டும் என்றார். தருகிறேன் என்றேன். கீழே குரல் கொடுத்து அண்ணாச்சியை மறுபடி அடிக்கச் சொன்னார். வந்த தாளை இந்த முறை வக்கீலே வாய்விட்டுப் படித்துக் காட்டினார்: "மேற்படி வீட்டை நான் எனது சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியுள்ளேன்." கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் கண் முன்னால் கையெழுத்துப் போட்டேன்.

முத்திரை குத்தப்போனவர் நிறுத்தினார். "உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். வீட்டுக்காரரே போடலாம்."

கணவர் அந்த வரியைப் படித்தார். திரும்பவும் படித்தார். கையில் பேனா அப்படியே நின்றது. வக்கீலும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"ஒரு வரிதானே," என்றேன், "போடுங்க."