பசு என்று நினைத்துப் பழம் நீட்டினேன்

ஊர் சிரிக்குமே என்று சில வருடங்கள் தயங்கி, இப்போதுதான் எழுதுகிறேன். அமாவாசைதோறும் பசுவுக்குப் பழம் கொடுப்பது எங்கள் வழக்கம். அப்படி ஓர் அமாவாசையன்று கணவரோடு சிறுமலைக் கோயிலிலிருந்து இறங்கும்போது, பாதையோரப் புதரில் ஒரு மாட்டு முதுகு தெரிந்தது.

“ஏங்க, கோமாதாவே தேடி வந்துருக்கு!” என்று பழத்தோடு ஓடினேன்.

தலை நிமிர்ந்தது. காட்டுமாடு! அதன் மூச்சு என் கையில் பட்டது.

“ஓடாதடி! அப்படியே பின்னால வா,” என்றார் கணவர். ஓடத் துடித்த காலை முருகன்தான் பிடித்து வைத்தான். மெல்ல மெல்லப் பின்வாங்கினேன். அது சீறிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. பிழைத்தேன்!

“காட்டுமாட்டுக்கே படையல் போட்டவ நீதான்!” என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

இப்போதெல்லாம் தொழுவத்துப் பசுவுக்குத்தான் பழம்; காட்டில் எதைக் கண்டாலும் தூரத்துக் கும்பிடுதான். மலைக்குப் போகிறவர்களிடம் இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.