நெற்றியில் எரிந்த யூரோப்பியம்

கிருபாபாய் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். சித்தூர் மிஷன் சபையில் உபதேசியாராக இருந்தவரின் மகள். ஜெபத்தைவிடச் சோதனைக் குழாயை அதிகம் நம்பினார். அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த சம்பத்துக்கும் அந்த நம்பிக்கை உண்டு. இருவரும் புத்தூர்ச் சந்தையில் நின்று, பெர்மாங்கனேட்டில் கிளிசரினை ஊற்றித் தீ வரவழைத்து, சாமியார்களின் வித்தை இவ்வளவுதான் என்று காட்டியவர்கள். கல்லடியும் சேர்ந்தே பட்டார்கள்.

கிருபாபாயின் ஆய்வு யூரோப்பியம் என்ற அருமண் உலோகத்தின் அணைவுச் சேர்மம் பற்றியது. ஆக்ஸைடை அமிலத்தில் கரைத்து, ஆல்கஹாலில் கரைத்த பென்சாயில் அசிட்டோனைச் சேர்த்து, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அவசரப்பட்டால் கஞ்சிபோல ஹைட்ராக்சைடு வந்துவிடும், அது உதவாது. பொறுமையாக விட்டால் கரிம மூலக்கூறுகள் நண்டுக் கொடுக்குபோல உலோகத்தைக் கவ்விக்கொண்டு, வெளிர்மஞ்சள் தூளாக அடியில் இறங்கும். பகலில் அது வெறும் மாவு. இருட்டில் புற ஊதா விளக்கின் கீழே தணலாகச் சிவக்கும். ஈரம் ஒட்டியிருந்தால் சிவப்பு மங்கும், நீரை விரட்ட விரட்ட ஏறும். இதை அவர் அளந்து முடித்திருந்தார். தூளைப் பெங்களூருக்கு அனுப்பிப் பகுப்பாய்வு முடிவை வாங்கவேண்டியதுதான் பாக்கி. அது வந்தால் பட்டம். தூள் முழுவதும் ஒரே குப்பியில் இருந்தது. மறுபடி செய்ய யூரோப்பியம் கிடையாது.

திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று எல்லை முடிவான வருஷம் அது. தமிழர்கள் இனி அந்தப் பக்கம் வேலை தேடிக்கொள்ளலாமே என்று கல்லூரித் தாளாளர் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கியிருந்தார். வேலை நிரந்தரமாகாத நாகலாபுரத்துத் தமிழரான சம்பத் அந்தச் சிரிப்புக்குப் பயந்தார்.

ஒருநாள் ஆய்வகம் பெருக்கும் வெங்கடலட்சுமி இருட்டறைக்குள் துடைப்பத்தோடு வந்தார். புற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் நெற்றியில் மூன்று பட்டைகள் சிவப்பாக எரிந்தன.

"நெத்தியில இன்னா அது?" என்றார் கிருபாபாய்.

"விபூதிமா. தாளாளரோட சாமியார் மடத்துல குடுத்தாங்க. அங்க ஒரு நீல லைட்டு கீது, அதுல போய் நின்னா பாவம் எரியறது தெரியுமாம். சம்பத் சார்தான் குடுக்கறாரு. உங்ககிட்ட சொல்லவேணாம், வேதக்காரங்க விபூதி வாங்க வரமாட்டாங்கன்னாரு."

கிருபாபாய் குப்பியை எடுத்து விளக்கில் காட்டினார். எரியவில்லை. உள்ளே கடலை மாவு.

அவர் நேரே மடத்துக்குப் போனார். இருட்டடித்த கூடத்தில் வரிசை நீண்டிருந்தது. அதில் நின்றார். தன் மூன்று வருஷ உழைப்பு ஊரார் நெற்றிகளில் சிவந்து சிவந்து வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். முன்னால் சாமியார் கண்மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தட்டோடு சம்பத்.

"மீதி எங்கடா?"

சம்பத் தலை நிமிராமல் மெதுவாகச் சொன்னார்: "சாம்பல்ல கலந்துட்டாங்கக்கா. தாளாளர் எனக்கு வேலைய நிரந்தரம் பண்ணிட்டாரு. உனக்கும் சொல்றேன்னாரு."

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே கல்லடி வாங்கினோம். இது இன்னா தூளுன்னு இவங்களுக்கு நீயே சொல்லு."

சம்பத் தட்டில் இருந்த சாம்பலைச் சமப்படுத்தினார்.

கிருபாபாய் குனிந்து விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார். எல்லா நெற்றியும் ஒரே நொடியில் அணைந்தது. "பாவம் எங்க போச்சு? வெளக்கு நின்னா அதுவும் நிக்குது. இது யூரோப்பியம். நான் செஞ்சது. தோ, இவனுக்குத் தெரியும், கேளுங்க."

"கரண்ட்டு போயிடுச்சா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "நாங்க விடியறதுக்கு முன்ன நாகலாபுரத்துலேர்ந்து வந்துக்கினு கீறோம்மா. லைட்டப் போடுங்க" என்றார் இன்னொருவர்.

வாசல் வெளிச்சத்தில் எல்லாரும் சம்பத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, கிருபாபாயின் கையிலிருந்து வயரை மரியாதையாக வாங்கி, பிளக்கைத் திரும்பச் செருகினார். கூடம் சிவந்தது. ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்துக் கிருபாபாயின் உள்ளங்கையில் போட்டுச் சொன்னார்:

"தள்ளிக்கினு போங்கம்மா. பின்னால ஜனம் நிக்குது."