என் மாலையை நானே ஏலம் எடுத்தேன்

ஷாலினியின் குழந்தை இறந்துவிட்டது என்றுதான் நான் நம்பினேன். அரைகுறையாக இல்லை – வெள்ளைச் சட்டை போட்டு, மாலை வாங்கிக்கொண்டு கிளம்பும் அளவுக்கு முழுசாக நம்பினேன்.

தப்பு முழுக்க என்னுடையதா? எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. ஆட்கள் ஈப்போ, தஞ்சோங் மாலிம் என்று சிதறிவிட்டார்கள். அந்தக் குரூப்பில் பூ பார்டரோடு ஒரு முகம் பெரிசாக வந்தால், யாரோ கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் விழும். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன்.

போன ஞாயிறு காலை வந்த முகத்துக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. மூக்கில் டியூப். பூ பார்டர். கும்பிடும் கைகள். கீழே என்ன எழுதியிருந்தது? கண்ணாடி இல்லாமல் யார் படிப்பது... தேடவும் தோன்றவில்லை. ஷாலினியின் குழந்தை. ஷாலினி, தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் தவழ்ந்த பெண். அவள் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் கோளாறு என்று தெரியும்.

ஈப்போ சிலிபினில் அவள் வீட்டுச் சந்தில் திரும்பினேன். வாசலில் கூடாரம். பிளாஸ்டிக் நாற்காலிகள். கூட்டம். இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்? காரை விட்டு இறங்கும்போதே அழுதுகொண்டிருந்தேன்.

"அண்ணே, மாலையா? சூப்பர்லா" என்றான் குமார். குரூப் அட்மின். கையில் மைக் வைத்திருந்தான்.

சாவு வீட்டில் சூப்பரா? அப்போதுதான் பிரியாணி வாசனை மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பேனரைப் பார்த்தேன். எழுத்து பெரிசு, கண்ணாடி தேவைப்படவில்லை. 'குழந்தை கவினாவின் தொடர் சிகிச்சைக்கு உதவுங்கள்.'

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். டியூபோடு படுத்தபடி, காலை உதைத்துக்கொண்டிருந்தாள் கவினா.

திரும்பினால் கையில் மாலை இல்லை. குமார் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் பெரிய செலவு இல்லையாம். வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் ஆரம்பம். ஆக்சிஜன் மெஷினுக்கு வாடகை, ஸ்பெஷல் பால், மாதாமாதம் கோலாலம்பூர் போய்வரும் செலவு. வாடகை நின்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். குழந்தை மறுபடி வார்டுக்குத்தான். அதற்குத்தான் பிரியாணி விற்பனை. பிரியாணி தீர்ந்ததும், கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவோமே, அந்த மாதிரி கையில் கிடைத்ததையெல்லாம் ஏலம் விட்டுக்கொண்டிருந்தான் குமார்.

"அடுத்து, அண்ணன் ஆசையா கொண்டாந்த மாலை."

பாரிட் புந்தாரிலிருந்து வந்த ராஜு கை தூக்கினார். "புது லோரிக்குப் போடலாம்லா. நாளைக்குத்தான் மொத ஓட்டம்."

பூக்கடை அக்கா யாருக்கு என்று கேட்டு, குழந்தைக்கு என்றதும் உச்சுக்கொட்டிக் கட்டிக் கொடுத்த மாலை அது. சாவு மாலை. அது புது லோரியின் முகப்பில்... நெடுஞ்சாலையில்... உண்மையைச் சொல்லலாம். ஆனால் ஷாலினி காதில் விழுமே?

நானும் கை தூக்கினேன்.

ராஜு ஏற்றினார். நான் ஏற்றினேன்.

"என்னா அண்ணே, நீங்க கொண்டாந்தத நீங்களே கேக்கிறீங்க?" என்றான் குமார்.

"வேண்டுதல்லா" என்றேன்.

"எனக்கும் வேண்டுதல்தான்" என்று இன்னும் ஏற்றினார் மனிதர். கூட்டம் கை தட்டியது. என் சம்பளம் காலியாகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. ஒரு வழியாக ராஜு கையை இறக்கினார்.

"அண்ணனுக்குப் பெரிய மனசுலா" என்றான் குமார், மைக்கில்.

மனசாவது ஒன்றாவது... பயம். நாம் செய்கிற தர்மத்தில் பாதி இப்படித்தான் பிறக்கிறதோ என்னவோ. அந்தப் பணத்தில் ஓடுகிற மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது.

மாலையைக் காரின் பின்பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது, ஷாலினி பின்னால் வந்து நின்றாள்.

"வெள்ளைச் சட்டையப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு மாமா."

மாலையை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"பரவால்ல மாமா. கரண்டு போனா மெஷின் நின்னுரும். அப்ப எனக்கும் அப்படித்தான் தோணும்" என்று சிரித்தாள். வாரம் முழுக்க குரூப்பில் ஜோக் போட்டு ஊரைச் சிரிக்க வைக்கிறவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் பழக்கம். காலையிலிருந்து மண்டைக்குள் சாவு வீடுதான் இருந்தது போல... பேசாமல் காரில் ஏறிவிட்டேன். அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

"வாரேன்னு சொல்லிட்டுப் போங்க மாமா."

"வாரேன்மா" என்றேன்.

அன்றைய வசூலில் மெஷின் வாடகை தீபாவளி வரைக்கும் கட்டியாகிவிட்டது. அதற்கப்புறம் மறுபடியும் கூடாரம் போட வேண்டும்.