மண்டலம் முடிந்த மறுநாள்

ஈரப் புல்லில் வெறுங்காலை வைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த வீட்டின் பின்பக்கம்தான் ஞாபகம் வரும். கொடைக்கானல் ஏரியைத் தாண்டி மேட்டில் இருந்த பழைய ஓட்டு வீடு. பின்னால் ஒரு பேரிக்காய் மரம், அதையடுத்து வேலி, வேலிக்கு அப்பால் வெறும் மூடுபனி. எண்பதுகளின் தொடக்கத்தில், போதையை விட நினைத்த நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே தங்கியிருந்தோம். இப்போது அது ஏதோ காட்டேஜ் ஆகிவிட்டது. மரத்தையும் வெட்டிவிட்டார்கள், பாவிகள்.

நான் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். எவனோ கெடுத்துவிட்டான் என்று யார் தலையிலும் பழி போட மாட்டேன். கை என்னுடையது, வாய் என்னுடையது. முதலில் கஞ்சா, அப்புறம் பவுடர். இரண்டே வருஷத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை வெடவெடவென்று ஆடியது. ஒருநாள் எட்டு மாதப் பிள்ளையாக இருந்த என் மகளைத் தூக்கினேன். நழுவவிட்டுவிட்டேன். கட்டில் சட்டத்தில் நெற்றி பட்டுப் புடைத்துப்போயிற்று. என் மனைவி ஓடி வந்தாள். பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, வில்பட்டியில் இருந்த அப்பா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இந்தப் புள்ளையத் தூக்குற கை உங்களுக்கு என்னைக்கு வருதோ, அன்னைக்கு வாங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க."

அந்தக் கை எனக்கு வேண்டும். அதற்காகத்தான் மேட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஒரு நர்ஸ். மலாயாவில் பிறந்த தமிழ்ப் பெண். என் வயதுதான் இருக்கும். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். அங்கே ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த சீனப் பெண்களிடம் தாய் சி என்ற பயிற்சியைக் கற்றிருந்தார். முதல் பத்து நாள் வியர்வையும் வாந்தியும் உடம்பு முறுக்கலுமாகக் கிடந்தேன். எழுந்து நிற்க முடிந்த அன்றே, விடிந்ததும் என்னையும் புல்லில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

உடற்பயிற்சி என்றால் தண்டால், பஸ்கி என்று நினைத்திருந்தவன் நான். இதிலோ ஒரு காலை எடுத்து வைக்கவே அரை நிமிஷம். முதலில் குதிகாலைக் கனமில்லாமல் வைக்க வேண்டும். தரை தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் உடம்பை அதன்மேல் ஏற்ற வேண்டும். கைகள் இரண்டும் இல்லாத பந்து ஒன்றைப் பிடித்தபடி இப்படியும் அப்படியும் போகும். எனக்கு எரிச்சலாக வந்தது.

"என்ன சிஸ்டர், தூக்கத்துல நடக்குற மாதிரில்ல இருக்கு? இதுல போதை எப்படிப் போகும்?"

"போகாது," என்றார் சிரிக்காமல். "ஆசை வர்ற நேரத்துல உங்க கைகாலுக்கு ஒரு வேலை வேணும். அதுக்குத்தான் இது."

பொய் சொல்லவில்லை அவர். ஒரு மழைநாள் மத்தியானம் உடம்பு முழுக்க அந்தப் பாழாய்ப்போன ஆசை ஊர்ந்தது. கதவைத் திறந்து ஓடியிருப்பேன். வராந்தாவில் நின்று மெதுவாகக் காலை வைத்தேன், எடுத்தேன். நாலு தடவை, அஞ்சு தடவை. மழை விடுவதற்குள் அது தணிந்துவிட்டது. அடடா, இதிலும் என்னமோ இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அதோடு விட்டேனா? எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு எதற்கும் ஒரு மண்டலக் கணக்கு உண்டு. பழனி முருகனுக்கு மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் கறி கிடையாது, சாராயம் கிடையாது. மொடாக்குடியனும் யோக்கியனாக இருப்பான். மலையேறி மாலையைக் கழற்றிய மறுநாள் அவனே கறிக்குழம்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், விரதம்தான் முடிந்துவிட்டதே. நானும் மாலை போட்டுக்கொண்டேன். தினமும் பயிற்சி முடிந்ததும் சுவரில் கரியால் ஒரு கோடு.

நாற்பத்தெட்டாவது கோட்டைப் போட்டுவிட்டுப் பழனிக்குக் கிளம்பினேன்.

"இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன்," என்றார் சிஸ்டர்.

"சாமி காரியத்துல குறுக்க நிக்காதீங்க!" என்று கத்தினேன். என் திமிர் அப்படி.

காட்டுப் பாதையில் இறங்கிப் பழனி போய் மொட்டையடித்து, மாலையைக் கழற்றினேன். மறுநாள் பஞ்சாமிர்த டப்பாவோடு பஸ்ஸில் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டில் பழைய கூட்டாளி நின்றான். 'விரதம் முடிஞ்சது, ஒரே ஒரு தடவை' என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். யாரோ என்ன யாரோ? நானேதான்.

போதை ஏறிய அந்தக் கோலத்திலேயே வில்பட்டிக்குப் போனேன். பூண்டு காயவைத்திருந்த முற்றத்தில் மனைவி நின்றாள். டப்பாவை நீட்டினேன்.

"நாப்பத்தெட்டு நாள் ஆச்சு," என்றேன் பெருமையாக.

டப்பாவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் என் கண்ணைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே மகளின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே செத்துப்போயிருக்கலாம் என்று இருந்தது.

மறுபடி மேட்டு வீட்டுக்கே போனேன். சிஸ்டர் கதவைத் திறந்துவிட்டார்.

"இந்தத் தடவை எத்தனை நாள் சிஸ்டர்?"

"பல்லு எத்தனை நாள் விளக்குவீங்க?" என்று கேட்டுவிட்டு, சுவரைத் துடைக்க ஈரத்துணியைக் கையில் கொடுத்தார்.

அழுதுகொண்டே துடைத்தேன். அதன்பிறகு கோடு போடவில்லை. விடிந்தால் புல், பனி, கனமில்லாமல் ஒரு கால். பேரிக்காய் காய்த்தது, தீர்ந்தது, மறுபடி பூத்தது.

ஒருநாள் பயிற்சியின் நடுவே வேலிக்கு அந்தப் பக்கம் மனைவி நிற்பதைப் பார்த்தேன். இடுப்பில் மகள். சிஸ்டர்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஓடத்தான் தோன்றியது. ஆனாலும் கடைசி அசைவு வரைக்கும் செய்து முடித்துவிட்டுத்தான் போனேன்.

"எத்தனை நாள் ஆச்சு?" என்றாள்.

"தெரியல. எண்ணல."

பிள்ளையை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டாள். "கையை நீட்டுங்க."

நீட்டினேன். ஐயோ, நடுங்கியது! இத்தனை மாதம் நடுங்காத கை, அவள் முன்னால் வெடவெடவென்று ஆடியது. எல்லாம் போச்சு என்று கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதா? இது அந்த நடுக்கம் இல்லங்க," என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.