ஹம்சாவுக்கு வசப்பட்ட மூச்சு

ஹம்சா மத்திய அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்த ஒரே ஆசை தியானம். தில்லி கோல் மார்க்கெட்டில் யோகா வகுப்பு நடத்தும் ராஜி மாமி, "முதல்ல மூச்சைப் பழக்குங்கோ. அது தன்னால நீளணும். அப்புறம்தான் தியானம்" என்று சொல்லிவிட்டார். ஹம்சாவும் அவசரப்படவில்லை. காலையில் ஒரு நாசியில் இழுத்து மறு நாசியில் விட்டு, வருஷக்கணக்காகப் பழகினாள்.

மூச்சு ஒருவழியாக வசத்துக்கு வந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அவள் கணவர் கஸ்தூரிரங்கனின் நுரையீரல் இறுகத் தொடங்கியது. மருந்தால் திரும்பாது என்றார் டாக்டர். தீபாவளி கழிந்து தில்லியில் புகை கவிந்ததும், லக்ஷ்மிபாய் நகரில் மகள் பட்டுவின் குவார்ட்டர்ஸில் ஜன்னல்களை எல்லாம் அடைத்து, ஆக்ஸிஜன் மெஷினோடு அவரைக் கிடத்தினார்கள்.

ஒருநாள் அவரே கேட்டார். "ஹம்சா, நீ பண்றியே, அதை எனக்கும் சொல்லிக் கொடேன்."

அவள் ஆசையோடுதான் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மெதுவா விடுங்கோ. இன்னும் மெதுவா."

பாதியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்தது. பட்டு ஓடி வந்து, "அம்மா, ரஹ்னே தோ, விட்டுடு, போதும்" என்று குழாயைச் சரிசெய்தாள்.

இருமல் அடங்கியதும் அவர், "எனக்கு வரலை. பரவாயில்லை, நீ போய்ப் பண்ணு" என்றார்.

பக்கத்து அறையில் உட்கார்ந்தால் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. அங்கே மூச்சு தடைபடும்போதெல்லாம் இங்கே இவளுக்கும் தடைபட்டது. ராஜி மாமியிடம் போனில் சொன்னாள்.

"சத்தம் வந்துட்டுப் போகட்டும். அதைக் கவனிக்காதீங்கோ."

"அது சத்தம் இல்லை மாமி. அவர்."

மார்கழியில் அவர் போய்விட்டார். காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு காலையில் ஹம்சா பாயை விரித்து உட்கார்ந்தாள். மூச்சு தானாக நீண்டது. நீண்டு, மெலிந்து, இருப்பதே தெரியாமல் ஓடியது. மனதில் ஒன்றும் எழவில்லை. இத்தனை வருஷம் அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

இது கிடைக்க வீடு இப்படி அடங்க வேண்டியிருந்ததா என்று தோன்றியதும் பாயைச் சுருட்டி வைத்தாள். எழுந்து போய்க் குக்கரை அடுப்பில் ஏற்றினாள்.

"ஏம்மா, அதுக்குள்ள முடிச்சுட்டியா?" என்றாள் பட்டு.

"இன்னிக்கு நன்னா வந்துடுத்துடி. அதான் எழுந்துட்டேன்."

பட்டுவுக்குப் புரியவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

ராஜி மாமி போன் செய்யும்போதெல்லாம் வகுப்புக்கு வருகிறேன் என்றுதான் ஹம்சா சொல்கிறாள். போவதில்லை.